சைரனுக்கு இரண்டு சொந்தக்காரர்

"அந்த மனுசன் வந்து இருக்கிற மேசையில என்னை இருத்தாதேங்கோ, பிள்ளை. நான் சைரனைப் பார்க்க வந்தனான். அவனைப் பார்க்க இல்லை."

துறைமுகத்துப் பழம்பொருள் நூதனசாலை வாசலில் நின்றபடியே யோகலிங்கம் சொல்லிவிட்டார்.

றிஷானா அங்கே புதிதாக மாற்றலாகி வந்த அலுவலர். கோப்பைப் புரட்டினாள்.

"மற்றச் சொந்தக்காரர் ஜெயக்காந்தன் எண்டு கிடக்கு. உங்களுக்கு என்ன முறை ஐயா?"

"தங்கச்சியின்ர புருசன். அதோட முறை முடிஞ்சுது."

சைரன் யோகலிங்கத்தின் தகப்பனுடையது. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில், கைபிடியைச் சுற்றிச் சுற்றி ஊரைப் பதுங்குகுழிக்குள் அனுப்பியவர் அவர். வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது அதை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனான். மகனுக்குப் பாதி, மருமகனுக்குப் பாதி என்று சொல்லிவிட்டுக் கிழவர் கண்ணை மூடினார்.

நாலு வருடத்துக்கு முன்பு நூதனசாலை அதை இரவல் கேட்டது. ஜெயக்காந்தன் முதலிலும் யோகலிங்கம் பிறகுமாக, ஒரே படிவத்தில் வேறு வேறு நாளில் வந்து கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். ஏனென்றால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"தாய்மாமன் நான். தன்ர மகளின்ர கலியாணத்துக்கு நேர வந்து சொல்லாமல், அழைப்புக் காட்டை ஓட்டோக்காரனிட்டைக் குடுத்துவிட்டவன் உவன்" என்றார் யோகலிங்கம்.

"எப்ப ஐயா?"

"பதினொரு வருசம்."

தங்கை ராசமலரின் செத்தவீட்டில்கூட ஆளுக்கொரு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை யோகலிங்கம் மிதிக்கவில்லை.

ஆனால் இரவல் கொடுத்த சாமானுக்கு விதி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சொந்தக்காரர் இருவரும் ஒரே நாளில் வந்து, சேர்ந்து நின்று பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். ஒருவர் வராவிட்டாலும் சைரன் திரும்பிவிடும்.

பத்து மணிக்கு ஜெயக்காந்தன் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். வெருகலில் மகள் மேனுஜாவோடு இருக்கிறார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. யோகலிங்கத்தைப் பார்க்காமல் நேரே சைரனுக்குக் கிட்டப் போனார்.

றிஷானா இருவருக்கும் வெள்ளைக் கையுறை நீட்டினாள்.

"எங்கட அப்பா வெறுங்கையால சுத்தினது இது" என்றார் யோகலிங்கம்.

"வெறுங்கை பட்டால் துருப்பிடிக்கும் ஐயா. ஊதிப் பார்க்கவும் ஏலாது. விதி அப்பிடி." அவள் பட்டியலை எடுத்தாள். "கைபிடி?"

"இருக்கு."

"கீறல்?"

"பழசு ஒண்டு இருக்கு. அது எப்பிடி வந்ததெண்டு அவரிட்டைக் கேளுங்கோ" என்றார் ஜெயக்காந்தன், சுவரைப் பார்த்து. "பதினாறு வயசில மதிலுக்கு மேல வைச்சு ஊதப்போய், தானும் விழுந்து அதையும் விழுத்தினவராம். மாமா சொன்னவர்."

"போன வருசமும் இதைத்தான் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை" என்றார் யோகலிங்கம்.

"போன வருசம் ஆள் இதைவிடக் கொழுப்பா நிண்டவர். இப்ப மெலிஞ்சுபோனார். மருந்து ஒழுங்காக் குடிக்கிறவரோ எண்டு கேளுங்கோ."

றிஷானா திரும்பினாள். "ஐயா, மருந்து..."

"குடிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அவருக்குச் சீனி எத்தினையில நிக்குது எண்டு கேளுங்கோ."

"இருநூறு."

"இருநூறோ? இன்னும் சோறுதான் கட்டுறாராமோ?"

"இரவிலை ரெண்டு துண்டு பாண் எண்டு சொல்லுங்கோ."

றிஷானாவின் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி நோகத் தொடங்கியது. சைரனைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மேனுஜாவின் பிள்ளை எத்தனையாம் வகுப்பு, வெருகலில் மழை எப்படி, முழங்காலுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று ஒன்றரை மணித்தியாலம் போனது. ஒரு வார்த்தைகூட ஒருவருக்கொருவர் பேசவில்லை.

கையெழுத்து வைத்துவிட்டு, பிளேன்டீ குடிக்க எதிர்க் கடைக்குப் போகவென்று ஜெயக்காந்தன் படியிறங்கினார். அவருக்குக் கேட்கட்டும் என்று யோகலிங்கம் குரலை உயர்த்தினார்.

"என்ன சட்டம் பிள்ளை இது? ஆகாத ரெண்டு பேரை வருசா வருசம் பிடிச்சுக் கட்டி வைக்கிற சட்டம். இதை எழுதினவனைக் கண்டனெண்டால் நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பன்."

றிஷானாவுக்கு மனுசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோப்பின் அடியிலிருந்து பழைய படிவத்தை எடுத்து, ஒவ்வொரு விதியாக விரல் வைத்து வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"ஐயா, நீங்கள் நாலு வருசமா வீணா அலைஞ்சிருக்கிறீங்கள். எங்கட விதிப்படி சாமானைப் படமெடுத்து உங்கட போனுக்கு அனுப்பினால் காணும். ரெண்டு பேரும் சேர்ந்து வரவேணும் எண்டது நூதனசாலை போட்ட விதியே இல்லை."

யோகலிங்கம் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"சொந்தக்காரர் போடுற விசேட நிபந்தனை எண்டு ஒரு பெட்டி இருக்கு. அதுக்குள்ள கையால எழுதியிருக்கு. உங்கட மச்சான்தான் எழுதியிருக்கவேணும். இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ, இப்பவே வெட்டிவிடுறன். இனி அவற்ற முகத்திலையே நீங்கள் முழிக்கத் தேவையில்லை."

அவள் பேனையை நீட்டினாள்.

யோகலிங்கம் அதை வாங்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தார். ஜெயக்காந்தன் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மெல்லக் கதையுங்கோ, பிள்ளை. அவனுக்குக் கேட்டிடும்."

"கேட்டால் என்ன ஐயா? எழுதினதே அவர்தானே?"

யோகலிங்கம் படிவத்தை அவளுடைய கையிலிருந்து வாங்கிக் கோப்பின் அடியில், முன்பு இருந்த இடத்திலேயே செருகினார்.

"அவன் படிச்சவன், பிள்ளை. கோழி கிண்டின மாதிரி எழுத மாட்டான். இது என்ர எழுத்து."