கார் ரேடியோவின் ரசிகர்

எட்வினின் சின்னக் காரில் இருந்த ரேடியோவுக்குத் தலைக்கனம் தாங்கவில்லை. முன்சக்கரத்துப் பிரேக் பேட் தேய்ந்துபோய், மிதிக்கும்போதெல்லாம் கிரீச்சென்று அலறும். உடனே எட்வின் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார்.

"பாத்தியாடா? உன் கத்தல் அவருக்குச் சகிக்கல. என் பாட்டுன்னா மனுஷன் சொக்கிப்போறார்" என்று இளித்தது ரேடியோ.

"நான் தேஞ்சுபோயிட்டேன்னு சொல்லத்தான் கத்துறேன்" என்றது பேட்.

"பொறாமை!"

ஒருநாள் கார் நிற்காமல் போய் வீட்டுக் கேட்டில் முட்டியது. எட்வின் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிப் புது பேட் மாட்டினார்.

மறுநாள் பிரேக் சத்தமே இல்லாமல் பிடித்தது. எட்வின் நிம்மதியாகக் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"நல்ல ரசிகர்! வாயில்லாத பயல் ஒருத்தன் வந்து அவர் ரசனையையே கெடுத்துட்டான்" என்று பொருமியது ரேடியோ.