முப்பத்தெட்டு மீட்டர்

மதுவந்தியின் கணவன் இளம்பரிதி பனிச்சறுக்குப் பலகையில் பாதிச் சரிவைத் தாண்டியபோது, மலையின் ஒரு பக்கமே கட்டிலிலிருந்து உருவிய விரிப்புபோல் நழுவி இறங்கியது. வசந்தகால வெயிலில் இளகிய பனி. அது எழுப்பிய வெண்தூள் மேகம், தங்கள் முறைக்காக உச்சியில் காத்திருந்த அவளையும் தோழி செரினையும் மூடியது.

மதுவந்தி மார்பில் கட்டியிருந்த கருவியைக் கழற்றி, தேடும் நிலைக்கு மாற்றினாள். அதே கருவியை அணிந்து சமிக்ஞை அனுப்புபவர் எத்தனை மீட்டரில் இருக்கிறார் என்று அது காட்டும். இரண்டு என்றது. அவள் மண்டியிட்டு வெறுங்கையால் காலடிப் பனியைத் தோண்டினாள்.

"அது நாந்தான்டி, லூசு!" செரின் பதறிப்போய்த் தன் கருவியையும் தேடும் நிலைக்கு மாற்றினாள். "மறந்தே போச்சு, ஸாரி. இப்போ வர்றது பரிதியோடது மட்டும்தான்."

முப்பத்தெட்டு.

மதுவந்தி இறங்கப் பாய்ந்தாள். செரின் அவள் முதுகுப்பையைப் பிடித்து இழுத்தாள்.

"பனி இன்னும் தொங்கிட்டு நிக்குது மது. நீ கால் வச்சா அவன் மேலதான் விழும்."

"அவருக்கு மூச்சு முட்டும்டி..."

"அசையாத!"

வெண்தூள் மேகத்துக்குள் வெயில் நுழைந்தது. கோடித் துகள்கள் சத்தமின்றி மின்னியபடி அவர்களைச் சுற்றி நின்றன. அப்படியொரு அழகை அவள் கண்டதேயில்லை. அதைப் பார்த்ததற்காக வெட்கப்பட்டு எண்ணைப் பார்த்தாள்.

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தேழு.

"நீ நகந்தியா?" என்றாள் செரின்.

"இல்ல."

முப்பத்தாறு.