கீறல் விழாத ஹெல்மெட்

கல்குவாரியை ஒட்டிய எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'நம் ஊரே நம் பாடம்' வகுப்பு நடக்கிறது. ஊரைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிறார்களாம். ஊர் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் வெயில் கண்ணாடிப் பெட்டியில் பட்டுக் கண் கூசுகிறது. உள்ளே குவாரி முதலாளி கொடுத்த மஞ்சள் ஹெல்மெட் கீறல்கூட இல்லாமல் பளபளக்கிறது. பக்கத்தில், பாறை விழுந்து செத்த என் கூட்டாளியின் போட்டோ. எங்களுக்கு ஹெல்மெட் வந்ததே அவனைப் புதைத்த மறுவாரம்தான். அன்று அவன் தலையில் கட்டியிருந்த துண்டைத்தான் அவன் பெண்சாதி இங்கே கொடுத்தாள். ரத்தக் கறையைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படும் என்று பையில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தப் பையை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கிறாள். "அவருக்கு இந்த ஹெல்மெட்டை யாரும் கொடுக்கலைம்மா. அதை மட்டும் எழுதி ஒட்டுங்க." அருங்காட்சியகத்து அம்மா குரலைத் தாழ்த்துகிறாள். "பலகை அச்சாகி வந்துடுச்சேக்கா. அடுத்த வருஷம் பார்ப்போம்." "பாருங்க, செத்தவனுக்கு என்ன அவசரம்" என்கிறேன் நான். யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிறுமி கை தூக்குகிறாள். "டீச்சர், ஹெல்மெட் இருந்தும் அவரு எப்படிச் செத்தாரு?" டீச்சர் கொஞ்சம் யோசிக்கிறார். "சரியா மாட்டியிருக்க மாட்டாரு. எழுதிக்கோங்க." இருபது பென்சில்களும் நோட்டில் குனிகின்றன. "எழுதாதீங்க கண்ணுங்களா" என்று அவள் பையோடு முன்னால் வருகிறாள். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிள்ளைங்களுக்கு மறைக்குது" என்கிறார் டீச்சர். அவள் தள்ளி நிற்கிறாள்.