திரும்ப வாங்காத துப்பாக்கி

தேர்தல் முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது. தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கிகளை மற்றவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். காப்பித் தோட்டக்காரர் இருதயசாமியின் இரட்டைக்குழல் மட்டும், பெயர் எழுதிய அட்டை தொங்க, அலமாரியில் நின்றது. பெண் ஏட்டு ரோஸ்லின் நாலாவது தடவை போன் செய்த பிறகுதான் மனிதர் வந்தார்.

ரோஸ்லின் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் டொக்கென்று வைத்தார். இருதயசாமிக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

“கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க சார்.”

“அடுத்த தேர்தல் எப்பம்மா?”

“வேண்டாம்னா லைசென்ஸ ஒப்படைச்சிருங்களேன்.”

“இது இல்லாம வீட்ல எம் பொண்டாட்டி தூங்க மாட்டேங்கிறா.”

ரோஸ்லினுக்கு அந்த வழக்கு தெரியும். ஆறு வருடம் முன்பு அருவாளோடு வீட்டுக்குள் நுழைந்தவனை இவர் சுட்டார். அவன் அங்கேயே செத்துப்போனான். தற்காப்பு என்று கோர்ட் இவரை விடுதலை செய்தது.

“நீங்க என்ன சார் தப்பு பண்ணீங்க? அருவாளோட வந்தவன் சும்மாவா போவான்?”

“எல்லாம் கேட்டாங்கம்மா. எத்தனை அடி தள்ளி நின்னான், அருவா எந்தக் கையில இருந்துச்சு, எல்லாம்.” பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை. “வெடிச் சத்தம் முதல்ல கேட்டுச்சா, அவன் அருவாளக் கீழ போட்ட சத்தம் முதல்ல கேட்டுச்சான்னு மட்டும் யாரும் கேக்கல.”

ரோஸ்லின் பதிவேட்டை மூடினார். பிறகு துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கிப்போய், சத்தம் வராமல் அலமாரியில் வைத்தார்.