கழன்றும் போகாத புரதம்

டொனால்ட் வெளிநாட்டில் முனைவர் பட்டம் முடித்தவர். டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை மேலும் ஆராய, ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆய்வுக்கூடத்துக்கு மனைவி பெட்ரிசியாவுடன் வந்திருந்தார். காட்டுக் கொரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் என்பதால் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். பாஸ் இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது.

மீன் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை அவர் உப்புக் கரைசலில் ஊறவைப்பார். புரதம் கழன்றுவிடும். அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, வெறும் இழையைக் குப்பியில் போட்டுப் பூட்டிவைப்பார். மறுநாள் பார்த்தால் புரதம் பழையபடி இழையைச் சுற்றியிருக்கும்.

"நீ குப்பியைத் தொட்டியா?" என்று பெட்ரிசியாவிடம் கேட்டார்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு. இந்த இடமே வேணாங்க, போயிடலாம்."

பல வாரம் அலைந்த பிறகு பாஸ் கிடைத்தது. பெட்ரிசியா காய்ந்த துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். தோட்டத்து டிரைவர் மாயாண்டியின் லோரியில் கடற்கரை ஊரான போர்டிக்சனுக்குப் புறப்பட்டார்கள். ரப்பர் மரங்கள் முடிந்து கடல்காற்றுகூட முகத்தில் பட்டது. அடுத்த வளைவில் திரும்பியதும் தோட்டத்து கேட் எதிரே நின்றது.

"நேராத்தான் ஓட்டுனேன்லா சார்," என்றார் மாயாண்டி.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிரித்தபடி வந்தார். "பாஸ் கெடைச்சிருச்சாமே சார். எப்ப கெளம்புறீங்க?"

டொனால்ட் லோரியை வீட்டுப் பக்கம் விடச் சொன்னார். வீட்டுக்கு முன்னால் கொடியில் பெட்ரிசியா மடித்து அடுக்கிய அதே துணிகள் நீர் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. பெட்ரிசியா மடியிலிருந்த பெட்டியைத் திறக்கவில்லை. அது கிளம்பியபோது இருந்த அதே கனத்தோடுதான் இருந்தது.