நாற்பத்தாறு பாகை

"பன்வில ஊரு மழையில நாப்பத்தாறு பாகை வெப்பமா? நம்ம செய்மதிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு," என்றான் டிலக்சன்.

பால்மா டின்னுக்குள் வெப்பமானியை வைத்து, குடைத்துணியில் பரசூட் தைத்து, மாணவர்கள் காலையில் பலூனில் ஏற்றிவிட்ட குட்டிச் செயற்கைக்கோள்தான் அந்தச் செய்மதி. தேயிலை மலையில் எங்கோ விழுந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. ஆனாலும் பாடசாலைக் கணினிக்குத் தகவல் வந்துகொண்டேயிருந்தது.

"விழுந்ததுல பழுதாயிருக்கும். பத்தொன்பது பாகைக்குப் பிறகு வந்ததையெல்லாம் அழிச்சிடு, நிலோஷினி. நாளைக்குக் கண்டியில போட்டி," என்றார் செசிலியா டீச்சர்.

"அது அனுப்புனத நான் அழிக்க மாட்டேன் டீச்சர். காரணம் தெரியலன்னு எழுதுறேன். தோத்தா தோத்துட்டுப் போறோம்."

சொன்னபடியே எழுதி, அறிக்கையை எடுத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்த வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்குள் கொடியில் நீலப் பரசூட் தொங்கியது.

கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"ஒங்க டின்னு மலையில தொப்பலா நனைஞ்சு கெடந்துச்சு. மத்தியானம் சாப்பிட வந்தப்ப கொண்டாந்து, அடுப்புப் பக்கத்துல காய வச்சேன். கெட்டுப்போச்சாம்மா?"

நிலோஷினி அறிக்கையை விரித்தாள். 'காரணம் தெரியவில்லை' என்பதை மட்டும் வெட்டினாள்.