வகுப்பில் வாசித்தது

"இந்தப் புத்தகம் பட்டியல்ல வந்தா, குழுவிலேர்ந்து என் பேரை அடிச்சிடுங்க."

ஓய்வுபெற்ற ஆசிரியை கும்சுக் நாவலை மேசைமீது எறிந்தார். அது வழுக்கிக்கொண்டு போய், ஆரஞ்சுத் தோல் குவிந்திருந்த தட்டில் இடித்து நின்றது.

குன்சான் நகர நூலகத்தின் மாடி அறை. நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, குளிர்கால விடுமுறையில் வாசிக்கப் பத்துப் புதிய நாவல்களைப் பரிந்துரைக்க வேண்டும். குழுவில் மூன்று பேர். ஒன்பது நாவல்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவாகிவிட்டன.

பத்தாவதில் வண்டி நின்றுவிட்டது.

"போன மாசம் வந்ததிலேர்ந்து இது அலமாரியில தங்கறதே இல்ல டீச்சர். பதினாலு பிள்ளைங்க பேர் கொடுத்துட்டுக் காத்திருக்காங்க" என்றாள் சோல்பி. நூலகத்தில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். முப்பதைத் தாண்டாதவள்.

"மிட்டாய்க்கும்தான் காத்திருப்பாங்க."

பியோன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். சந்தைத் தெருவில் புத்தகக் கடை வைத்திருப்பவர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. "முழுப் புத்தகத்தையுமா வேண்டாங்கறீங்க, கும்சுக் டீச்சர்? அஞ்சாம் அத்தியாயம் மட்டும்தானே உங்களுக்கு உறுத்துது?"

அந்த ஐந்தாம் அத்தியாயத்தில், நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டுப்பாடமாகத் தினமும் எழுதும் நாட்குறிப்பை வழக்கம்போல ஆசிரியையிடம் கொடுக்கிறாள். அம்மா வீட்டைவிட்டுப் போய் ஒரு வாரமாகிறது என்று அதில் எழுதியிருக்கிறாள். தானே முதன்முதலாகச் சோறு வைத்ததாகவும், தண்ணீர் கூடிப்போய்விட்டதாகவும், அப்பா அதைக் கஞ்சி என்று நினைத்து, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறாள்.

ஆசிரியை அதை வகுப்பு முழுவதற்கும் உரக்க வாசித்துவிடுகிறாள். நாற்பது பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். பிறகு பக்கத்தின் அடியில் 'மிக நன்று' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுக்கிறாள்.

ஆறாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெண்ணுக்குக் கஞ்சி என்பதே பெயராகிவிடுகிறது.

கும்சுக் இதைச் செவ்வாய்க்கிழமை படித்தார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவர் அவர். பனிக்காலத்தில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய் அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கி வைத்தவர். பல் வலித்த பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு மருத்துவரிடம் ஓடியவர். அதையெல்லாம் யாரும் நாவலாக எழுதுவதில்லை.

"இது என்ன எழுத்து? டீச்சர்னா ராட்சசின்னு பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கற எழுத்து! இதைப் படிச்சிட்டு நாளைக்கு எந்தப் பிள்ளை டீச்சர்கிட்ட மனசு விட்டு எழுதும்?"

"எழுதாம இருக்கறதே நல்லதுன்னு அதுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள் சோல்பி.

"என்ன சொன்னே?"

"என் டைரியையும் வாசிச்சிருக்காங்க டீச்சர். மூணாம் வகுப்புல. நான் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பாத்ரூம்ல உக்காந்திருந்தேன்."

பியோன் ஆரஞ்சு ஒன்றை எடுத்து, உரிக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

கும்சுக்கின் காது மடல் வரை சூடேறியது. நேற்று வந்த பெண். ஒரு வகுப்பையாவது ஒரு நாள் கட்டி மேய்த்திருப்பாளா? நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பார்த்திருந்தால் தெரியும். எதிரே இருப்பவர்களின் வாயை அடைக்க ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"கேலி பண்ணவா வாசிச்சாங்க? நல்லா எழுதியிருந்தது, அதான் வாசிச்சாங்க! கேட்டா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அதுக்காக மனசுல வெச்சுக்கிட்டு, இத்தனை வருஷம் கழிச்சு, வேற பேருல ஒளிஞ்சுக்கிட்டு எழுதறதா?"

"கதைதானே டீச்சர்" என்றார் பியோன் மெல்ல.

"கதையா? அப்ப முழுசா எழுதட்டுமே! தனக்கு வேணுங்கறதை மட்டும் எழுதிட்டா ஆச்சா?" கும்சுக் உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தார். தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. "அவளும்தான் சிரிச்சா! எல்லாரையும்விட சத்தமா, வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா! அதை ஏன் எழுதல?"

வெளியே துறைமுகத்துப் பக்கம் ஏதோ லாரி பின்னால் வரும் ஒலி கேட்டது.

பியோன் ஆரஞ்சைத் தட்டில் வைத்தார்.

சோல்பி புத்தகத்தை இழுத்து, ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, அத்தியாயம் முடியும் வரை போனாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் குரலில் இப்போது சண்டை இல்லை.

"வாயைப் பொத்திக்கிட்டான்னு இருக்கு டீச்சர். கண்ணுல தண்ணின்னும் இருக்கு."

கும்சுக் கையை நீட்டினார். நான்கு நாளில் ஆறு முறை படித்த பக்கம்தான் அது. இருந்தாலும் வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, முதல் வரியிலிருந்து தேட ஆரம்பித்தார்.

பியோன் பட்டியலில் பத்து என்ற எண்ணுக்கு எதிரே நாவலின் பெயரை எழுதினார்.

கும்சுக் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்னால் வந்தார். அந்தப் பெண் சிரித்ததாக எங்கேயும் இல்லை.